ரோஸியக்காவும் ஆறு வாட்டும்

ரோஸி எதையும் முதலில் புறங்கையால்தான் விசாரிப்பாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர், "அக்கா, இது தானா நின்னுபோகுது," என்று கதையை ஆரம்பிப்பார். "செத்த நேரம் பேசாம இரும்," என்று அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டி, கேபினட்டின் பக்கத்துத் தகட்டில் வலது புறங்கையை ஒட்டி வைத்துக்கொள்வாள். கண் சந்தில் போகிற தள்ளுவண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. "பிராசசர் மேல பேஸ்ட் காஞ்சிட்டு." அல்லது, "ஃபேன் சுத்தாம கெடக்கு, காத்து வரல." அல்லது வெறுமனே, "தூசி." திறந்து பார்த்தால் அவள் சொன்னதுதான் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தப் புறங்கை ஒருதரம்கூடப் பொய் சொன்னதில்லை என்று தாராவியில் சத்தியம் பண்ணுவார்கள்.

கடை, தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் இட்லிமாவு அரைக்கிற கடை, அந்தப் பக்கம் கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறை, நடுவில் எட்டுக்குப் பத்து அடி. ரோஸிக்கு ஐம்பத்தொன்று நடக்கிறது. ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் டேட்டா என்ட்ரி பார்க்கப் போனவள், அங்கே மிஷின் நின்றால் ரிப்பேர்காரர் வர இரண்டு நாள் ஆகிறதே என்று பொறுக்காமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். எடுத்ததை இன்னும் கீழே வைக்கவில்லை. புருஷன் ஜோசப்ராஜ் சாது. சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தால் கடை வாசலில் உட்கார்ந்து கீபோர்டுகளின் பித்தான்களைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைப்பார்.

அவள் விற்பது பழைய டெஸ்க்டாப். மித்தி நதிக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றனவே, அங்கே ஐந்தாறு வருஷத்துக்கு ஒருதரம் கம்ப்யூட்டரையெல்லாம் மொத்தமாகக் கழித்துத் தள்ளுவார்கள். அதை ரோஸி லாட்டாக எடுத்து வந்து, தூசி ஊதி, பேஸ்ட் தடவி, நல்ல எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு விட்டால், தையல் யூனிட்டுக்கும் டியூஷன் சென்டருக்கும் இன்னும் ஏழெட்டு வருஷம் உழைக்கும். "ஐ-ஃபைவ், நாலாந் தலமொற. நாலு கோர். இதுக்கு முன்ன எவன் நிப்பான்?" என்று கேபினட்டின் மண்டையில் தட்டுவாள். அந்தத் தட்டலில் அப்படியொரு பெருமை இருக்கும்.

வாங்க வருகிறவர்கள் செய்கிற காரியத்தையும் சொல்லவேண்டும். தூக்கிப் பார்ப்பார்கள்! தாராவியில் பிளாஸ்டிக் எடைக்குப் போகிறது, இரும்பு எடைக்குப் போகிறது, தோல் வெட்டின துண்டும் எடைக்குப் போகிறது. கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிடுவார்களா? கரீம் பாட்சா தன் பட்டறைக்கு ஒன்று வாங்க வந்த அன்று இரண்டு கேபினட்டை இரண்டு கையிலும் தூக்கி, தராசுமாதிரி நின்று, "இதக் குடுங்க தங்கச்சி, இதுலதான் சரக்கு இருக்கு," என்று கனமானதை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே இருந்த கரண்ட் சப்ளை பெட்டிதான் கொஞ்சம் பெரிசு. ரோஸி சொல்லித்தான் பார்த்தாள். பாய் காதில் வாங்கவில்லை.

சின்ன மிஷின் என்றாலே ரோஸிக்கு ஆகாது. அதற்கும் ஒரு பழைய காயம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, 'மின்சாரம் கம்மி, இடம் கம்மி' என்று புத்தகம் அளவில் ஒரு தினுசு வந்தது. ரோஸி ஆசைப்பட்டுப் பதினொன்று எடுத்து விற்றாள். ஒரு பக்கம் திறக்குமுன் டீ போட்டுக் குடித்துவிட்டு டம்ளரையும் கழுவிவைத்துவிடலாம். சண்டைக்கு வந்தவர்களைக்கூட அவள் சமாளித்துவிட்டாள். மாட்டுங்காவிலிருந்து சங்கரன் என்று ஒரு ரிட்டயர்டு கிளார்க் வந்தார் பாருங்கள், அவரைத்தான் தாங்க முடியவில்லை. மனுஷர் குரலையே உயர்த்தவில்லை. "ரோஸி, இது ஆலோசிக்கறது. ஆலோசிச்சுண்டே இருக்கு. நல்ல குணம்தான். ஆனா நேக்கு வயசாயிண்டிருக்கே," என்றார். பதினொன்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு, பதிலுக்கு டெஸ்க்டாப் கொடுத்தாள். அன்றையிலிருந்து கம்மி வாட் மிஷின் என்று யார் வாயெடுத்தாலும், "அத என் வாசப்படி ஏத்தாதிய," என்பதுதான் பேச்சு.

அப்படிப்பட்டவளைத்தான் சஃப்ரீன் சோதித்துவிட்டாள்.

சஃப்ரீன், இரண்டு சந்து தள்ளி ஒரு தையல் யூனிட்டின் மாடியில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் டைப்பிங் வகுப்பு நடத்துகிறாள். முப்பது வயசிருக்கும், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வகுப்பைத் தேர்வு மையமாக்கிவிட வேண்டும் என்பது அவள் மூன்று வருஷத் தவம். அதற்குப் பரிசோதகர் முன்னால் பத்து மிஷின் இரண்டு மணிநேரம் தடையில்லாமல் ஓடிக் காட்டவேண்டும். கரண்ட் போனாலும் நிற்கக்கூடாது. போன பரிசோதனைக்கு ரோஸியின் ஐ-ஃபைவ் பத்தும் வரிசையாக நின்றன. நாற்பதாவது நிமிஷம் டக்கென்று ஒரு சத்தம். மாடிக்கு வருகிற ஒற்றை வயரில் இருந்த ஆறு ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் பாரம் தாங்காமல் விழுந்துவிட்டது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. பெண்கள் 'ஐயோ' என்று கத்தியது கீழே தையல்காரர்களுக்கெல்லாம் கேட்டது. பரிசோதகர் அதை எழுதிக்கொண்டு போனார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று கடிதம் வந்தது.

அந்த வயரை மாற்றுவதென்றால் மூன்று பேர் வீட்டுச் சுவரை உடைக்கவேண்டும். வீட்டுக்காரர் பேச்சுக்கே வரவில்லை. மையம் கிடைக்காவிட்டால் பெண்கள் தேர்வெழுதக் கல்யாண்வரை ரயிலேறவேண்டும். பாதிப் பேரை வீட்டில் அனுப்பமாட்டார்கள், இது எல்லாருக்கும் தெரியும். ரோஸிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். விழுந்தது அவளுடைய மிஷின்களால் அல்லவா! ஒரு வாரம் அந்தச் சந்துப் பக்கமே அவள் போகவில்லை.

பரிசோதனைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சஃப்ரீன் கடைக்கு வந்தாள். ஹேண்ட்பேக்கைத் திறந்து, சீப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு.

"என்னளா இது, டிபன் டப்பாவா?"

"கம்ப்யூட்டர்க்கா. ஆறு வாட் பிராசசர். என் மச்சான் ஆபீஸ்ல இதான் வச்சிருக்காங்களாம். ஏக்தம் ஃபாஸ்ட்டுங்கிறாங்க."

"ஆறு வாட்டா? ஜீரோ பல்புக்குக்கூட அதவிட ஜாஸ்தி வேணும். என் பிராசசரு முக்குனா எம்பத்திநாலு வாட்டு கேக்கும். எம்பத்திநாலு எங்க, ஆறு எங்க? வெளையாடாத."

"நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்கக்கா. நீங்க வேணாம்னா நான் திருப்பி அனுப்பிர்றேன். சச்சி, பொய் இல்ல."

நீங்க வேணாம்னா! அந்த வார்த்தைதான் ரோஸியைச் சிக்கவைத்தது. உள்ளே பரணில் இருபத்தாறு ஐ-ஃபைவ்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, போன மாதம் எடுத்த லாட். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், சஃப்ரீன் அந்த டப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேறு வழி தேடுவாள். வேறு வழி எது என்று ரோஸிக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல அவளுக்கு வராது.

"சரி. ஆனா என் டெஸ்ட்டு என் மாதிரிதான் இருக்கும்," என்றாள்.

அவள் டெஸ்ட் வைத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எஸ்எஸ்டி, இரண்டிலும் எட்டு ஜிபி ராம். ஒன்றுக்கு ஓரவஞ்சனை கூடாது. பிறகு ஒரே நிறத்தில் இரண்டு காலி கேபினட் எடுத்தாள். ஒன்றில் ஐ-ஃபைவ் போர்டு. இன்னொன்றின் அடிவயிற்றில் அந்தக் கறுப்பு டப்பாவைப் படுக்கவைத்தாள். சத்தத்தில் குட்டு உடைந்துவிடக் கூடாதே என்று, டப்பா இருந்த கேபினட்டிலும் ஒரு பழைய ஃபேனைச் சும்மா ஓடவிட்டாள். இரண்டையும் மூடி, ஸ்க்ரூ முறுக்கி, ஆளுக்கொரு மானிட்டர் கொடுத்தாள். பக்கத்துப் பட்டறையைப் பார்த்துக் குரல் விட்டாள்.

"கரீம் பாய்! செத்த வாங்க. பெரிய மிஷினு எது, சின்ன மிஷினு எதுன்னு சொல்லணும். ஆனா தூக்கக்கூடாது."

"தூக்காம எப்படி சொல்றது?" பாய்க்கு நிஜமாகவே புரியவில்லை.

"வேல செஞ்சு பாத்துச் சொல்லுங்க."

பாய் உட்கார்ந்தார். தன் பைகளின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பில் போட்டார், பிரிண்ட் கொடுத்தார். சஃப்ரீன் வந்து டைப்பிங் பாடத்தைத் திறந்து தடதடவென்று அடித்தாள். பின்னால் பதினோரு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வீடியோ பாடத்தையும் ஓடவிட்டாள். ரோஸி எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். இரண்டு மிஷினும் இரண்டு நல்ல பிள்ளைகளாகச் சொன்னதைச் செய்தன. ஒரு பெரிய அட்டவணைக் கணக்கைத் திறந்தபோது இடது பக்கத்தது ஒரு கண்ணிமைப்பு முன்னால் வந்தது. வீடியோவில் வலது பக்கத்தது ஒருதரம் தயங்கி, பிறகு சரியாயிற்று.

பாய் எழுந்து, தாடியைத் தடவி, இடது கேபினட்டைக் காட்டினார். "இதான் தங்கச்சி பெரிய மிஷின். சந்தேகமே இல்ல. இதுல சரக்கு இருக்கு. அது சும்மா டப்பா."

ரோஸி இடது கேபினட்டின் ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டை இழுத்தாள். உள்ளே அகலமான வெற்றிடம். அதன் மூலையில் கறுப்பு டப்பா. பாய் குனிந்து உள்ளே பார்த்தார், பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தார். "மீதி எங்க?" என்றார்.

மீதி கிடையாது. அதுதான் முழுசு.

பிளக்கில் செருகுகிற வாட் மீட்டரை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் போட்டாள். அதே வேலை, அதே பதினோரு பக்கம், அதே வீடியோ. அவளுடைய ஐ-ஃபைவ் அறுபத்திரண்டு காட்டிற்று. பிராசசரோடு மற்றதெல்லாம் சேர்த்தும் டப்பா பதினொன்று. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று மேஜை விளக்கைச் செருகிப் பார்த்தாள். மீட்டர் நன்றாக இருந்தது. பிறகு வலது புறங்கையை அந்த டப்பாவின்மேல் வைத்தாள். ஒரு நிமிஷம் போயிற்று. மூன்று நிமிஷம் போயிற்று. கொஞ்சம் இளஞ்சூடு, அவ்வளவே.

டப்பாவையும் திறந்துவிட்டாள். ரோஸியால் திறக்காமல் இருக்க முடியுமா என்ன! பேஸ்டைத் துடைத்ததும் பிராசசர் தெரிந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பளபளப்பு. அதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நிலை இருக்கிறதே, கரீம் பாட்சா பட்டறைக்குத் திரும்பிப் போய் ஒரு பையின் வாரையே தைத்து முடித்துவிட்டு எட்டிப் பார்த்தபோதும் அப்படியேதான் நின்றாள். "ஏசப்பா," என்றாள் மெதுவாக. "இத செஞ்சவன் கையி எப்பிடி இருக்கும்?" எத்தனையோ ஆயிரம் மிஷின்களைத் திறந்தவள், முதல்தடவை கோவிலுக்குள் வந்தவள்மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே நேரத்தில் கண் மேலேயும் போயிற்று. பரணில் இருபத்தாறு உட்கார்ந்திருக்கிறதே.

குறை கண்டுபிடிக்காமலும் இல்லை. "ராம் ஒரே குழிதான். பிராசசர போர்டுலயே ஒட்டிட்டான், கழட்ட முடியாது. செத்தா மொத்தமா சாவும். என் மிஷின்னா கை போனா கைய மாத்தலாம், காலு போனா கால மாத்தலாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சஃப்ரீன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பவா, வைக்கவா என்ற கேள்வி மட்டும் கண்ணில் நின்றது.

"ஏளா, என் பத்தையும் எறக்கிரு," என்றாள் ரோஸி. "ஒன் மாடிக்கு என் மிஷினு ஆவாது. இதுல ஒம்போது வாங்கணும். நாளைக்கே லாமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் மார்க்கெட்டுக்குப் போவோம். நானே வாரேன், ஒன்ன ஏமாத்திருவானுவ."

போனாள். அடுத்தவன் கடைப் படியேறி, அடுத்தவன் சரக்குக்கு, தன் சரக்குக்குப் பேசுவதைவிட மூர்க்கமாகப் பேரம் பேசினாள். ஒன்பதையும் ஒரே துணிப்பையில் போட்டுக்கொண்டு தாதரில் வண்டி மாறினார்கள். நெரிசலில் ஒரு பெண் பையை இடித்துக்கொண்டு, "என்ன இருக்கு இதுல?" என்று கேட்டாள். "ஒம்போது கம்ப்யூட்டரு," என்றாள் ரோஸி. அந்தப் பெண் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ரோஸிக்கு வந்த சிரிப்பு சயான் ஸ்டேஷன்வரை அடங்கவில்லை.

பரிசோதனை சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மே மாசம், தகரக் கூரை. பத்து மானிட்டர்களின் முதுகிலும் பத்து டப்பாக்களை ரோஸியே திருகிவிட்டிருந்தாள். சஃப்ரீன் தன் வீட்டு இன்வெர்ட்டரை மாடிக்குத் தூக்கிவந்து, மிஷினும் மானிட்டரும் மட்டும் அதில் ஓடும்படி இழுத்திருந்தாள்; ஃபேனை அதில் சேர்க்கவில்லை. ஃபேனையும் சேர்த்து இழுத்துப் பாதியில் பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ரோஸி டூல் பையோடு மூலையில் உட்கார்ந்தாள். போன தடவை வந்த அதே பரிசோதகர், மூக்குக்கண்ணாடி போட்ட மராட்டிக்காரர், அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் ஒன்றையும் மறக்கவில்லை என்பது அவர் எம்சிபியைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

நாற்பதாவது நிமிஷம் வந்தது. சஃப்ரீனின் உதடு ஓதிக்கொண்டிருந்தது. ஒன்றும் விழவில்லை. ஐம்பது, அறுபது, எழுபது. எழுபத்தைந்தாவது நிமிஷம் ரோட்டில் குழி தோண்டுகிறவர்கள் எதையோ வெட்டியிருக்கவேண்டும்; சந்து முழுவதும் கரண்ட் போயிற்று. கீழே தையல் மிஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. தலைக்கு மேல் ஃபேன்கள் சுழற்சி குறைந்து, குறைந்து, நின்றன. ஜன்னல் இல்லாத அறை இருட்டிற்று.

கீபோர்டுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பத்துத் திரைகளும் எரிந்தன, பத்துப் பெண்களும் தலை தூக்காமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்குக் கரண்ட் போனதே தெரியவில்லை.

"லைட் கயா?" என்றார் பரிசோதகர். சஃப்ரீன் தலையசைத்தாள். அவர் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார். கால்களும் செருப்புகளும்தான் இருந்தன. "மிஷின் கஹான் ஹை?" எங்கே என்று கையை விரித்தார்.

"பீச்சே ஹை, சாப்," என்றாள் ரோஸி, திரையின் முதுகைக் காட்டி. அவர் ஒரு மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, அந்த டப்பாவை ஒரு விரலால் தொட்டார். விரலை எடுக்க மனமில்லாதவர்போல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மணிக்கட்டைப் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டார். இன்னும் நாற்பத்து மூன்று நிமிஷம் ஓடியாக வேண்டும்.

அறை வெந்தது. கூரையிலிருந்து அனல் நேரே இறங்கிற்று. கடைசி வரிசைப் பெண்ணின் மோவாயிலிருந்து ஒரு வியர்வைத் துளி கீபோர்டில் சொட்டியது. அவள் அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் வேகம் போய்விடும். மிஷின்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. ஒன்றுக்குக்கூட ரோஸி தேவைப்படவில்லை.

ரோஸி எழுந்தாள். சுவரோரம் கிடந்த ஒரு காலி அட்டைப்பெட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் கிழித்து எடுத்துக்கொண்டு, பெண்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். முதல் பெண்ணின் பிடரிக்கு நாலு வீச்சு, அடுத்தவளுக்கு நாலு வீச்சு என்று பத்தாவது நாற்காலிவரை விசிறிக்கொண்டே போய், மறுபடி முதலாமவளிடம் வந்து விசிறினாள்.